துருக்கி ராசனின் முடி

அந்த ஆண்டு எனக்குத் துருக்கி ராசன் வேடம் கிடைத்ததற்கு என் நடிப்புத் திறமை காரணமில்லை. குரல்தான் காரணம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திக் கத்தி என் தொண்டை ஒரு மாதிரி விரிந்துபோயிருந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பேஸ்மென்டில் நடந்த முதல் கூட்டத்தில் யாரிடமோ கதிரையைத் தள்ளிப் போடச் சொன்னேன். அண்ணாவியார் திரும்பிப் பார்த்தார். கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர் அவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயிலுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார்.

"துருக்கி ராசன் இஞ்சை நிக்கிறான்," என்றார். அதோடு என் சனிக்கிழமைகள் போயின.

சிலுவை யுத்தத்தைப் பற்றிய கூத்து அது. ஜெருசலேம் பட்டணத்தைத் துருக்கி ராசன் பிடித்து வைத்திருப்பான். கடல் தாண்டி வரும் கிறிஸ்தவ ராசன் அவனோடு சண்டை போட்டுப் பட்டணத்தை மீட்பான். இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள், தகர வாள்களைத் தட்டுவார்கள், கடைசியில் துருக்கி ராசன் தோற்றுப் பட்டணத்தை விட்டுப் போவான். ஊரில் திருவிழா முடிந்த கையோடு அதை விடிய விடிய ஆடினார்கள். ஆடியவர்களில் ஒருவரும் துருக்கியையும் கண்டதில்லை, ஜெருசலேமையும் கண்டதில்லை. எவனோ எவனோடோ பிடித்த சண்டையைப் பழைய காலத்துப் பாதிரியார் யாரோ கப்பலில் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டியிருக்க வேண்டும். சொந்தச் சண்டை இல்லாத காலத்தில் அது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும்.

எனக்குக் கூத்தில் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. கிழமையில் ஆறு நாள் வேலை, அதில் அரைவாசி ஓவர்டைம். சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றக்கூடக் குனிய மனமிருக்காது. வரமாட்டேன் என்று அண்ணாவியாருக்குச் சொல்லத்தான் இருந்தேன். மனைவி விடவில்லை.

"போங்கோ. வீட்டிலை கத்துறதை அங்கை போய்க் கத்துங்கோ," என்றாள்.

பெப்ரவரி நடுவில் அண்ணாவியார் துருக்கி ராசன் தலையில் வைக்கும் முடியை, அந்தக் கிரீடத்தை, தந்தார். தடித்த மட்டையில் வெட்டி, பொன்னிறத் தாள் ஒட்டி, உச்சியில் ஒரு பிறை வைத்து அவரே செய்தது. கறுப்புக் குப்பைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். இந்த முடிக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற ராசாக்களின் முடிகளைக் கூத்துக்கு முதல்நாள் பீடத்தில் வைத்துச் சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார். துருக்கி ராசனின் முடியில் பிறை இருப்பதால் அது கோயில் படி ஏறாது. ஆடுகிறவனின் வீட்டிலும் படுக்காது, அங்கே இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கிறதே. ஊரில் அந்த முடி ஆண்டு முழுவதும் பக்கத்து முஸ்லிம் தெருவில் ஒரு தையல்காரர் வீட்டில் இருந்தது. கூத்தன்றைக்கு மட்டும் வந்து போகும்.

"இஞ்சை எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அது உம்மட பாடு," என்றார் அண்ணாவியார். அவருக்கும் அன்றைக்கு இரவு வேலை இருந்தது.

பஸ்ஸில் கொண்டுபோனேன். மனைவி கதவைத் திறந்து, பைக்குள் எட்டிப் பார்த்து, வழியை மறித்தபடி நின்றாள். எங்கள் கலியாணத்தில் அவள் சத்தியம் செய்து கடைப்பிடித்த காரியங்கள் சில உண்டு, திருஇருதயப் படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் பார்ப்பது அதில் ஒன்று. பத்தாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் வெளியென்று ஒன்று இருந்தால் அது பல்கனி மட்டும்தான். முடி பல்கனியில் படுத்தது. இரண்டு நாளில் பைக்குள் பனி போய், பொன்தாளின் ஒரு ஓரம் கழன்றுவிட்டது. இன்னும் ஒரு கிழமை விட்டால் துருக்கி ராசன் மொட்டைத் தலையோடுதான் சண்டைக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வேலைக்குக் கூட்டிப்போக நானாவின் கார் வாசலில் நின்றது.

நானா என்று, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நான் கூப்பிட்டது என்னோடு வேலை செய்த ஒரு முஸ்லிம் மனிதரை. ஐம்பது வயதிருக்கும். அடுத்த இயந்திரம் அவருடையது. எனக்குக் கார் இல்லை, அவருடைய வீடு நாலு தெரு தள்ளி. இரண்டு குளிர்காலமாக நாங்கள் ஒன்றாகப் போய் வந்தோம். அவர் யாழ்ப்பாணத்து ஆள் என்பது வாயைத் திறந்த உடனேயே தெரிந்தது. எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் துவக்கோடு நின்ற எங்கள் இயக்கப் பொடியள் ஒரு காலையில் வெளியே அனுப்பியது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது நடக்கும்போது நான் கனடா வந்து சில வருடம், பார்க்டேலில் ஒரு நிலவறையில் ஐந்து பேரோடு இருந்தேன். என்றாலும் எந்தத் தெரு என்று கேட்டால் அடுத்த கேள்வி என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆகையால் காலநிலையும் ஓவர்டைமும் முழங்கால் வலியும் கதைத்தோம். அது போதுமாக இருந்தது.

"உதென்ன?" என்றார், பையைப் பார்த்து.

"கூத்து முடி, நானா. மனிசி வீட்டுக்குள்ளை விடமாட்டனெண்டிட்டா. உங்கட காரிலை கொஞ்ச நாள் கிடக்கட்டுமோ?"

அவர் காருக்குள் லைட்டைப் போட்டார். பையை விலக்கிப் பிறையை விரலால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் பிந்திக்கொண்டிருந்தோம், அவர் அசையவில்லை.

"உது வீட்டுக்குள்ளை வரக்கூடாதுதானே," என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரிலை முடி எங்கட வீட்டிலைதான் இருந்தது, தம்பி. வாப்பாவின்ரை தையல் மெசினுக்கு மேலை, தட்டிலை."

மார்க்கம் போய்ச் சேரும்வரை நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர்தான் கதைத்தார், இரண்டு வருடத்தில் கதைக்காததையெல்லாம் சேர்த்து.

விடிய விடிய ஆடும் கூத்தில் நான் சின்ன வயதில் ஒருநாளும் முடிவைப் பார்த்ததில்லை, பாயில் நித்திரையாகிவிடுவேன். முடிவில் நடப்பதை நானாதான் சொன்னார். தோற்ற ராசன் மேடையால் இறங்கி, சனத்துக்கு நடுவால் நடந்து, கோயில் வளவைத் தாண்டி, முஸ்லிம் தெருவின் முகப்புக்கு வருவானாம். தையல்காரர், அதாவது நானாவின் தகப்பன், அங்கே தேத்தண்ணியோடு நிற்பாராம். "சண்டை முடிஞ்சுதோ?" என்று கேட்பாராம். "முடிஞ்சுது" என்று ராசன் சொல்லவேண்டும். பிறகுதான் முடியை வாங்கிக்கொண்டு தேத்தண்ணியைக் கொடுப்பார். இருவருமாகத் திரும்பிப் போய் மேடையில் ஏறுவார்கள். அவர்கள் ஏறும்வரை அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு நிற்பார், மங்களம் பாடமாட்டார்.

"நாங்கள் பொடியள் எல்லாம் துருக்கி ராசன்ரை கட்சி," என்றார் நானா. "ஒவ்வொரு முறையும் தோப்பான் எண்டு தெரியும். எண்டாலும் விசிலடிப்பம்."

முடி அவருடைய காரின் பின்சீட்டில் குடியேறியது. நானா பனி நனைந்த ஓரத்தைக் காயவிட்டு, பசை வாங்கி ஒட்டினார், ஒரு பழைய துவாயால் மூடிவிட்டார். பிள்ளைக்குப் போடுவதுபோல் அதற்கு சீட் பெல்ட்டும் போட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நோன்பு காலம் அது. விடியுமுன் சாப்பிட்டுவிட்டு வந்து, தண்ணிகூடக் குடிக்காமல் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பார். திரும்பி வரும்போது சிக்னலில் பொழுது பட்டால் டாஷ்போர்டில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எனக்குத் தந்து மற்றதை அவர் வாயில் போடுவார். அவருடைய நோன்பு முடிய எங்கள் தவக்காலம் தொடங்கியது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, இறைச்சிக்குப் பதிலாக மீன் அடைத்த பணிஸ் ரொட்டியை நான் தின்றுகொண்டிருந்தபோது, தன் உம்மாவைப் பற்றிச் சொன்னார்.

வெளியேறச் சொன்ன அன்று வீட்டில் யாருக்கும் எதை எடுப்பது என்று தெரியவில்லை. எடுத்ததையும் சந்தியில் வைத்துப் பறித்துவிட்டார்கள். வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகி, அடக்கமும் ஆகியிருந்தார். உம்மா மட்டும் முடியைத் தட்டிலிருந்து இறக்கி, கையில் வைத்துக்கொண்டு, உதை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபடி நின்றாவாம். கோயில் ஆட்களுடைய சாமான், அமானிதமாக வைத்தது, ஒப்படைக்காமல் போகக்கூடாது என்று. நம்பிக்கையில் ஒருவர் தந்த பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கோயில் பக்கம் போக விடவில்லை. கடைசியில் தையல் மெசினுக்கு மேலே வைத்து, ஒரு துணியால் மூடிவிட்டு வெளிக்கிட்டாவாம்.

"புத்தளத்திலை முகாமிலை இருக்கேக்கையும் அதுதான் கதை," என்றார் நானா. "வீடு போச்சு, மெசின் போச்சு, அதுகளைப் பற்றிக் கதைக்கமாட்டா. 'அந்த முடி என்ன ஆச்சோ, அமானிதத்தை விட்டிட்டு வந்திட்டம்' எண்டுறதுதான். மௌத்தாகிற கிழமையும் கேட்டவ."

நான் மீன் பணிஸை மடியில் வைத்தேன்.

"இந்த முறை என்ரை கையாலை உம்மட தலையிலை வைச்சு, என்ரை கையாலை திருப்பி வாங்கவேணும், தம்பி. வாப்பா நிண்ட மாதிரி ஒருக்கா மங்களத்துக்கு நிக்கவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம் வரும். அப்போதும் வந்தது. ஓம் நானா என்றேன்.

பாட்டுப் பாடமாக்க எனக்கிருந்த ஒரே இடம் அந்தக் கார். வீட்டில் மகள் காதைப் பொத்துவாள், வேலையில் சூப்பர்வைசர் நிற்பான். காரில் ஹீற்றர் இரைச்சலுக்கு மேலாகப் பாடுவேன். பட்டணத்தைப் பிடித்த பெருமைப் பாட்டு, சண்டைக்கு அழைக்கும் பாட்டு எல்லாம் நன்றாகத்தான் போயின. கடைசியில் கிறிஸ்தவ ராசன், உடுத்த உடுப்போடு பட்டணத்தை விட்டுப் போ என்று கட்டளையிடுவான். அதற்குத் துருக்கி ராசன் பாடும் பாட்டு ஒன்று உண்டு, வீட்டையும் கிணற்றையும் பார்த்துப் பாடுவது. முதல் இரண்டு வரி பாடிய பிறகுதான் யாருக்குப் பக்கத்தில் இருந்து பாடுகிறேன் என்று உறைத்தது. நிறுத்திவிட்டேன்.

"பாடும்," என்றார். "ஏன் நிப்பாட்டினீர்? வாப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு அது."

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு முந்திய மழைக்காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும், எங்கள் ஆட்கள், ஆமி நெருங்க, அதே இயக்கம் சொல்ல, ஒரே இரவில் மழைக்குள் வெளிக்கிட்டுப் போனார்கள். என் அம்மாவும் நடந்தா. ஒரு பையும் செபமாலையும்தான் கையில். பிறகு வன்னியில் யாரோ வளவில் ஒரு கொட்டிலில் இருந்தா. சேதி வந்து சேர ஒரு மாதம் ஆனது. வேலைக்குப் போகும் வழியில் அதை நானாவிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மனதுக்குள் என்ன நினைப்பார் என்ற பயமும் இருந்தது.

"நீங்கள் சிரிக்கலாம், நானா," என்றேன்.

"சிரிக்க எனக்கென்ன விசரோ?" என்றார். அடுத்த சிக்னலில் காரை நிறுத்தி, "நடக்கேக்கை அம்மாவுக்குத் தண்ணி ஆரும் குடுத்தவையோ?" என்று கேட்டார்.

அதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் மாதத்தில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதே யுத்தம்தான் பாடம். பன்னிரண்டு வயது. நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, நான் கண்ணாடிக்கு முன்னால் வாளைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்கட கூத்து றோங்," என்றாள். "கிறிஸ்டியன்ஸ் பிறகு தோத்திட்டினம். ஜெருசலேம் திரும்பவும் முஸ்லிம்ஸிட்டைப் போயிட்டுது."

"அது பிறகு. கூத்து அதுக்கு முன்னமே முடிஞ்சிடும்."

"பட் சண்டை முடியேல்லையே. இட் வென்ற் ஓன். டூ ஹன்ட்ரட் இயர்ஸ்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பட்டணத்தைப் பிடித்த அன்று கிறிஸ்தவ வீரர்கள் உள்ளே இருந்தவர்களை, முஸ்லிம்கள், யூதர்கள் என்று பாராமல், வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். அது எங்கள் கூத்தில் இல்லை. எங்கள் ராசன் வெள்ளைத் துணியால் வாளைத் துடைத்துவிட்டுப் பாடத் தொடங்குவான். நூறு ஆண்டு ஆகுமுன் ஒரு சுல்தான் வந்து பட்டணத்தைத் திருப்பி எடுத்திருக்கிறார். பிறகு இவர்கள் மறுபடி போயிருக்கிறார்கள். பிறகு மறுபடி. படங்களில் ஆட்கள் மாறினார்கள், கொடி மாறியது, மதிலுக்குக் கீழே மூட்டையோடு போகிறவர்களை மட்டும் ஒரே மாதிரித்தான் வரைந்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்தேன். களைப்பாக இருந்தது. வேலைக் களைப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை படுத்தெழும்பப் போய்விடும், இது அந்தக் களைப்பு இல்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு கூத்து. மத்தியானம் தொடங்கவேண்டும், ஏழு மணிக்குக் கோயில் ஹோலை விடவேண்டும். ஏழு மணிக்கு அங்கே பிங்கோ, இலக்கம் கூப்பிட்டு ஆடும் காசு ஆட்டம். விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு பின்னேரத்துக்குள் அடக்க அண்ணாவியார் வெட்டிக்கொண்டே வந்தார். துருக்கி ராசனின் பெருமைப் பாட்டில் அரைவாசி போனது. தூதுவன் முழுதாகப் போனான். கடைசிச் சனிக்கிழமை, தோற்ற ராசனின் நடையும் போனது.

"பக்கத்து வாசலாலை வெளியிலை போம். நாங்கள் மங்களத்தைப் பாடி முடிக்கிறம்," என்றார்.

"அண்ணை, துருக்கி ராசன் திரும்பி வராமல் மங்களம் பாடுறதோ?"

"இஞ்சை முஸ்லிம் தெரு எங்கை கிடக்குது, நீர் போய்த் திரும்பி வாறதுக்கு?"

நான் சொன்னேன், பார்க்கிங் லொட்டில் கிடக்குது என்று. பிறகு நானாவைப் பற்றிச் சொன்னேன். தையல் மெசினைப் பற்றியும் அந்த உம்மாவைப் பற்றியும் சொன்னேன். அண்ணாவியார் மத்தளத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். நானாவின் வாப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. தன் கலியாணக் கோட்டைத் தைத்ததே அவர்தான் என்றார். பிறகு சவர்க்காரத் தண்ணியில் ஊறி வெடித்திருந்த கைகளால் மத்தளத்தைத் திரும்ப எடுத்து மடியில் வைத்தார்.

"கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். "பிங்கோக்காரர் விடுமட்டும் நான் தட்டிக்கொண்டு நிக்கிறன்."

கூத்தன்று ஈரப்பனி பெய்தது. நானா வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக வந்திருந்தார், தாடியை ஒழுங்காக வெட்டியிருந்தார். அவரை அப்படி நான் கண்டதில்லை, வேலை உடுப்பில்தான் கண்டிருக்கிறேன். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்றார். வாப்பாவும் கூத்து முடியும்வரை தெரு முகப்பில்தான் நிற்பாராம், ராசன் வந்து கூப்பிட்டால்தான் வருவாராம். பக்கத்து வாசலில் வைத்து முடியை என் தலையில் வைத்தார். அது தளர்வாக இருந்தது. இறக்கி, பத்திரிகைத் தாளை மடித்து உள்விளிம்பில் செருகி, மறுபடி வைத்து, இரண்டு விரலால் நெற்றியில் அளவு பார்த்தார்.

"இப்ப ஆடும். விழாது," என்றார்.

ஆடினேன். கோப்பை கழுவுகிறவர்களும் செக்யூரிட்டி வேலைக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் மடக்குக் கதிரைகளில் இருந்து பார்த்தார்கள். பாதிப் பேர் அன்று இரவு வேலைக்குப் போகவேண்டியவர்கள். பிள்ளைகள் கதிரைகளுக்கு அடியில் ஓடினார்கள். கிறிஸ்தவ ராசனுக்கு இரண்டு இடத்தில் வரி மறந்தது. எனக்கு மறக்கவில்லை, இரண்டு மாதமாகக் காரில் பாடியது. பட்டணத்தை விட்டுப் போகும் பாட்டுக்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு வயதான பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அவவின் பிள்ளைகளும் அந்த மழைக்குள் நடந்தவர்கள். பின்னால் இருந்தவர்களும் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். துருக்கி ராசனுக்காக அந்தச் சனம் அழுதது. அழ வைத்தேன் என்று எனக்குச் சந்தோசம் வரவில்லை. யார் வீட்டைப் பார்த்து யார் பாடுகிறார்கள் என்று எனக்கே குழம்பிப் போயிருந்தது.

பாட்டு முடிந்ததும் மேடையால் இறங்கி, கதிரைகளுக்கு நடுவால் நடந்து, பக்கத்து வாசலால் வெளியே போனேன். கதவு மூடாமல் யாரோ கதிரை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பிங்கோவுக்கு வந்த கிழவிகள் இலக்கம் குறிக்கும் மை போத்தல்களோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். என் முடியைப் பார்த்து ஒருத்தி கை தட்டினாள். உள்ளே அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு நின்றது கேட்டது.

நானா காருக்குப் பக்கத்தில் நின்றார். தொப்பியில் பனி விழுந்திருந்தது. ஒரு கையில் பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றிய தேத்தண்ணி, ஆவி போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டப் போனதும் நிமிர்ந்து, வேறு ஒருவருடைய குரல் மாதிரி, கேட்டார்.

"சண்டை முடிஞ்சுதோ?"

ஒரு சொல்தான். பாடமாக்கவே தேவையில்லாத சொல். சொன்னால் முடியை வாங்குவார், தேத்தண்ணியைத் தருவார், இரண்டு பேருமாக உள்ளே போவோம், அவர் மேடையில் நிற்பார். நான் வாயைத் திறந்தேன். கொட்டிலில் இருக்கும் என் அம்மா ஞாபகம் வந்தா. துணியால் முடியை மூடிவிட்டு வெளிக்கிட்ட அவருடைய உம்மா ஞாபகம் வந்தா. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வரவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"சொல்லும் தம்பி. தேத்தண்ணி ஆறுது."

"முடியேல்லை, நானா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. நல்ல கேள்விக்கு நல்ல பதில் கிடைத்த மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். தேத்தண்ணியை என் கையில் தந்தார். முடியை என் தலையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, பனியைத் தட்டிவிட்டு, பின்சீட்டில் வைத்துத் துவாயால் மூடினார்.

"வாங்கோ நானா, எண்டாலும் போவம். அண்ணாவியார் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"முடியாத சண்டைக்கு நான் போய் மங்களத்துக்கு நிக்கேலாது," என்றார். "குளிருது. ஏறும்."

காருக்குள் இருந்தோம். தேத்தண்ணியில் இஞ்சி தூக்கலாக இருந்தது. மத்தளம் கன நேரம் தட்டியது. பிங்கோக்காரர் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மங்களம் தொடங்கியது, ஒரு ராசனின் குரல் மட்டும். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் ஆசைப்பட்ட இடத்தில் நின்றிருப்பார். அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு. நான் வேடத்தோடேயே வீட்டுக்குப் போனேன், எலிவேற்றரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு நானா ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் புதிதாகக் கட்டிய வீடொன்றுக்குக் குடிபோனார். மகன் அந்தப் பக்கம் வேலை எடுத்திருந்தான். நான் பஸ்ஸில் போய் வரத் தொடங்கினேன், இரண்டு பஸ் மாறவேண்டும். கோயிலில் பிறகு கூத்துப் போடவில்லை, ஆட்களுக்கு நேரமில்லை, அண்ணாவியாருக்கும் இயலாமல் போனது. முடியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் வைக்க இடமில்லை.

ஆனால் ஒவ்வொரு தவக்காலமும் நானா ரெலிபோன் எடுப்பார். பனி, முழங்கால், பிள்ளைகள், வேலையில் ஆட்களை நிறுத்துவது எல்லாம் கதைப்போம். அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்பார். ரெலிபோனை வைக்கப்போகும் நேரத்தில்தான் அதைக் கேட்பார்.

"தம்பி, சண்டை முடிஞ்சுதோ?"

"இல்லை, நானா."

"சரி. முடி இஞ்சை தையல் மெசினுக்கு மேலை பத்திரமாக் கிடக்குது."